பென்சில்வேனியா லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கியை நியூ ஜெர்சி, நியூ யார்க் வழியாக வெர்மான்ட்டுக்குக் காரில் எடுத்துப் போகலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் பிலடெல்பியாவுக்கு மேற்கே புறநகரில் இருக்கிறார். க்ரீன் கார்டு. சட்டப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் கேரி லைசென்ஸும் (துப்பாக்கியை வெளியில் உடன் வைத்துக்கொள்ள அனுமதி) எடுத்துவிட்டார். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மினிவேனில் கிளம்புகிறார்கள். நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் மச்சான் வீட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் நியூ யார்க் நகரம், அப்புறம் வெர்மான்ட்டில் ஒரு வாரம். துப்பாக்கியையும் கூட எடுத்துப் போகலாமா?

வெர்மான்ட்டுக்கு எடுத்துப் போகலாம். எடிசனுக்கும் நியூ யார்க் நகரத்துக்கும் கூடாது. இரண்டையும் ஒரே பயணத்தில் கோத்திருக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல்.

நான் வக்கீல் இல்லை. நானும் அதே பக்கம்தான் குடியிருக்கிறேன். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காக வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போய்வருகிறவன். அந்த அளவில் தெரிந்ததை எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவில் 20 டாலர் கட்டி வாங்கிய அந்த அட்டை டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஐம்பது மாநிலத்துக்கும் செல்லாது. ஒவ்வொரு மாநிலமும் யாருடைய பர்மிட்டை ஏற்பது என்று தானே முடிவு செய்கிறது. 29 மாநிலங்களில் இப்போது பர்மிட்டே இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்து வீடான நியூ ஜெர்சியோ வெளி மாநில பர்மிட் எதையும் ஏற்பதில்லை. நியூ யார்க்கும் அப்படியே. அங்கே இன்னொரு கூத்து: நியூ யார்க் மாநிலத்தின் வேறு கவுண்டியில் வாங்கிய லைசென்ஸே, தனியாக அனுமதி வாங்காவிட்டால், நியூ யார்க் நகரத்துக்குள் செல்லாது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூ யார்க்கின் பழைய லைசென்ஸ் முறையை ரத்து செய்தது. அதோடு எல்லாம் திறந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புகிறார்கள். திறக்கவில்லை. லைசென்ஸ் கேட்டால் காரணம் காட்டச் சொல்லி மறுக்கக் கூடாது என்றுதான் தீர்ப்பு. லைசென்ஸே தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாநில பர்மிட்டை நாடு முழுக்க ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை.

அப்படியானால் வெர்மான்ட்டுக்கு எப்படிப் போவது? நியூ யார்க்கை மிதிக்காமல் போக வழியில்லையே? அதற்குத்தான் 1986-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கிளம்புகிற இடத்திலும் போய்ச் சேருகிற இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்கவும் ஏந்தவும் உங்களுக்கு உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலத்தின் சட்டம் என்னவாக இருந்தாலும் கடந்து போகலாம். நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ ஆட்கள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் க்ளவ் பாக்ஸும் இரண்டு சீட்டுக்கு நடுவே உள்ள கன்சோலும், பூட்டு இருந்தாலும், பெட்டிக் கணக்கில் வராது.

நம்மவர்கள் வீட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் ஒடிஸி, சியன்னா என்ற மினிவேன்கள்தான். மினிவேனில் டிக்கி என்று தனி அறை கிடையாது. பின் சீட்டிலிருந்து குழந்தை கையை நீட்டினால் சாமான் எட்டும். ஆகவே பூட்டிய பெட்டி கட்டாயம்.

நான் கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கராஜில் வைத்து மேகசினை (தோட்டாக்களை அடைக்கும் கூடு) கழற்றுவேன். ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் கண்ணால் பார்ப்பேன், சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். வெளிச்சம் சரியில்லாதபோது கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. அப்புறம் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கொடி ஒன்றைச் சேம்பரில் செருகி, சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். பெட்டியோடு வரும் இரும்புக் கயிற்றை மூன்றாவது வரிசை சீட்டின் அடிக்கம்பியில் சுற்றிவிடுவேன். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். இரண்டு சாவியும் கார்ச் சாவிக்கொத்தில் இருக்காது; என் துணிப்பையின் அடியில் இருக்கும். அதற்கு மேல் சூட்கேஸ்கள், கூலர், இட்லிப் பாத்திரம் எல்லாம் ஏறும். போலீஸ்காரர் பார்த்தாலும் 'கைக்கு எட்டும்' என்று வாதாட முடியாத அளவுக்கு மூடிவிட வேண்டும்.

தோட்டாவைத் தனியாகப் பூட்டுவதை அதிகப்படி என்று நினைக்காதீர்கள். நியூ யார்க் சட்டத்தில், துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போட்டுச் சுடக்கூடிய தோட்டாவை அதே ஆள் அதே நேரத்தில் வைத்திருந்தால் அது 'தோட்டா நிரப்பிய துப்பாக்கி'தான். அதை வீட்டுக்கோ கடைக்கோ வெளியே லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை மூன்றரை வருடம். 1986 சட்டம் இல்லாவிட்டால் அந்த நெடுஞ்சாலையில் நீங்கள் அந்த நிலையில்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டம் கடந்து போகிறவனுக்கு. தங்குகிறவனுக்கு இல்லை. பெட்ரோல் போட, சாப்பிட, பாத்ரூம் போக நிறுத்துவது பயணத்தின் பகுதி என்று வாதாடலாம். மச்சான் வீட்டில் ஒரு ராத்திரி என்றால் எடிசன் உங்களுக்குச் சேருமிடம் ஆகிவிடுகிறது. அங்கே உங்களுக்கு உரிமை இல்லை. நியூ ஜெர்சியில் பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சட்டம் கொடுக்கும் விலக்கு உங்கள் சொந்த வீடு, உங்கள் சொந்தக் கடை போன்ற இடங்களுக்குத்தான். மச்சான் வீடு எவ்வளவுதான் நம் வீடு மாதிரி இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

இதில் மாட்டியவர்கள் யாரும் ரவுடிகள் இல்லை. 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் நியூ ஜெர்சியின் நெவார்க் வழியாக பென்சில்வேனியாவின் அலெண்டவுனுக்கு விமானத்தில் போனார். துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டி, செக்-இன் பையில் போட்டிருந்தார். நெவார்க்கில் இணைப்பு விமானம் தவறிவிட்டது. விமான நிறுவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பையைக் காணோமே என்று தேடி இறங்கியவருக்குப் பஸ்ஸும் போய்விட்டது. பை கிடைத்ததும் அதோடு ஓட்டலில் தங்கினார். காலையில் கவுண்டரில் போய் "பையில் துப்பாக்கி இருக்கிறது" என்று தானே சொன்னார். கைது, சில நாள் சிறை. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அவர் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஓட்டல் அறையில் துப்பாக்கி கைக்கெட்டும் நிலையில் இருந்தது, ஆகவே கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு அந்த ராத்திரியோடு போயிற்று. பயணம் தடைபட்டது அவர் தப்பா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. நம் கோபத்துக்கு அங்கே மதிப்பில்லை.

2013-ல் நடந்தது நமக்கு இன்னும் பக்கம். பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண். உங்களிடம் இருக்கும் அதே பென்சில்வேனியா லைசென்ஸ் அவரிடமும் இருந்தது. டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் அட்லான்டிக் சிட்டி சாலையில் போகும்போது சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்கு நிறுத்தினார்கள். நேர்மையாக, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ் என்று நீட்டினார். அங்கேயே கைது. குறைந்தது மூன்றரை வருடச் சிறை என்கிற நிலையில் வழக்கு ஓடியது. ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்ட பிறகுதான் சிறைக்குப் பதிலாகத் திருத்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2015-ல் அன்றைய நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். பாலத்தின் இந்தப் பக்கம் அவர் சட்டத்தை மதிக்கும் குடிமகள். அந்தப் பக்கம் இரண்டாம் நிலைக் குற்றவாளி.

2011 டிசம்பரில் டென்னஸியிலிருந்து வந்த ஒரு பெண் நியூ யார்க்கில் 9/11 நினைவிடத்தில் துப்பாக்கித் தடைப் பலகையைப் பார்த்துவிட்டு, "என்னுடையதை எங்கே கொடுத்து வைக்கலாம்?" என்று காவலரிடம் கேட்டார். அவரும் கைதுதான்.

கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறதே என்று தைரியம் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் எடுத்து வைக்கும் வாதம். சாலையோரத்தில் விலங்கு மாட்டுவதை அது தடுக்காது. தவறாகக் கைது செய்துவிட்டார்கள் என்று பிறகு அந்தச் சட்டத்தை வைத்து நஷ்ட ஈடு கேட்கவும் முடியாது என்று நியூ யார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மூன்றுக்கும் பொறுப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் விட, நீங்கள் க்ரீன் கார்டில் இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்கக் குடிமகனுக்கு இது சிறை, அபராதம், லைசென்ஸ் பறிபோவது. உங்களுக்கு அதற்கு மேல் ஒன்று. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகவோ ஏந்தியதாகவோ தீர்ப்பானால் நாடு கடத்தலாம். க்ரீன் கார்டு வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று, எத்தனை நாள் தண்டனை என்ற கேள்வியே அந்தப் பிரிவில் கிடையாது. அரசுத் தரப்பு வக்கீல் "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், சிறை இல்லை, அபராதத்தோடு முடித்துவிடலாம்" என்று ஆறுதலாகச் சொல்வார். குடிமகனுக்கு அது நல்ல பேரமாக இருக்கலாம். குடியேற்றத் துறைக்கு அந்த ஒப்புதலே தீர்ப்புக்குச் சமம். 2010-ல் உச்ச நீதிமன்றம், பல வருடமாக க்ரீன் கார்டில் இருந்த ஒரு லாரி ஓட்டுநரின் போதைப்பொருள் வழக்கில், இந்த விளைவை வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சொல்ல வேண்டியது வக்கீல் கடமை என்றாலும், நீங்களே முதல் வார்த்தையாக "நான் குடிமகன் இல்லை" என்று சொல்லிவிடுவது நல்லது. வழக்கு தள்ளுபடி ஆனால்கூட, நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் கைதானதை எழுதியே ஆக வேண்டும்.

வண்டியில் கூட வருகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, விசிட்டர் விசா என்று குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. நம் ஆட்களில் அதை எடுத்தவர்கள் அபூர்வம். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்துப் படம் போடும் எச்-1பி பையன்கள் இதை அறிந்து செய்கிறார்களா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பெட்டிச் சாவி அவர்கள் கைக்குப் போகக் கூடாது. "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று அப்பா ஆசையாகக் கேட்பார். யூடியூபில் காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, எடிசனில் வயிறார மச்சான் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, நியூ யார்க் பார்த்துவிட்டு வெர்மான்ட் போவேன். குடும்பச் சுற்றுலாவுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். அது உங்கள் விஷயம், நான் கேட்கவில்லை. எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால் வழியை மாற்றுங்கள். 476-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஸ்க்ராண்டன் வரை, அங்கிருந்து 84-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே. நியூ ஜெர்சியைத் தொடாமலே போர்ட் ஜெர்விஸில் நியூ யார்க்குக்குள் நுழைவீர்கள். நியூபர்கில் 87-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஆல்பனி பக்கம் போய், 7-ஆம் சாலையில் திரும்பினால் பென்னிங்டன், வெர்மான்ட். நியூ யார்க்குக்குள் இருப்பது ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம்தான். காலையில் கிளம்பி ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். மச்சானை அடுத்த மாதம் துப்பாக்கி இல்லாமல் போய்ப் பாருங்கள்.

திரும்பும்போது நயாகராவையும் பார்த்துவிடலாம் என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதுவும் நியூ யார்க்தான், தங்கினால் மேலே சொன்னதுதான். அதோடு க்ரீன் கார்டு இருப்பதால் கனடா பக்கம் விசா இல்லாமல் போகலாம் என்ற ஆசை வேறு வரும். கைத்துப்பாக்கியோடு, கனடாவுக்குள் போகும் ரெயின்போ பாலத்தில் ஏறிவிடாதீர்கள். தனியாட்கள் கைத்துப்பாக்கி கொண்டுவருவதை கனடா 2022 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது. தெற்கே மெக்சிகோ எல்லையில் 2014-ல் ஒரு முன்னாள் மரைன் வீரர், வழி தவறி தப்பான பாதையில் நுழைந்ததாகச் சொன்னவர், வண்டியில் இருந்த துப்பாக்கிகளுக்காக ஏழு மாதம் மெக்சிகோ சிறையில் இருந்தார். நாட்டு எல்லையில் 1986 சட்டம் எதற்கும் உதவாது.

மேகசினையும் கவனியுங்கள். பலர் வைத்திருக்கும் க்ளாக் 17 கைத்துப்பாக்கியின் கம்பெனி மேகசினில் 17 தோட்டா பிடிக்கும். நியூ யார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வரம்பு 10. வெர்மான்ட்டிலேயே 2018 முதல் கைத்துப்பாக்கிக்கு 15. 'கடந்து போகலாம்' என்ற சட்டம் துப்பாக்கி, தோட்டா என்று சொல்கிறதே தவிர மேகசினைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நான் 10 பிடிக்கும் மேகசின்களை மட்டும் எடுத்துப் போகிறேன், வாதத்துக்கே இடம் வேண்டாம் என்று. தோட்டாவிலும் ஒரு வம்பு உண்டு. பென்சில்வேனியாக் கடைகளில் தற்காப்புக்கென்று விற்கும் முனை குழிந்த தோட்டாக்களை நியூ ஜெர்சியில் வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதற்குத் தனியாகவே கட்டுப்பாடு இருக்கிறது.

வழியில் போலீஸ் நிறுத்தினால்? இன்ன வேகத்தில் வந்தாய் என்று கேட்டு டிக்கெட் எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆகவே வேக வரம்புக்குள் ஓட்டுங்கள், விளக்கு எல்லாம் எரிகிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். துப்பாக்கி பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வண்டியைச் சோதிக்கட்டுமா என்று அனுமதி கேட்டால், பணிவாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விவகாரம் முற்றினால் வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "சார், நான் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறேன்" என்று ஆரம்பித்துக் கதை சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அது அங்கே உதவாது.

வெர்மான்ட் எல்லை தாண்டியதும் பெட்டியைத் திறக்கலாம். அங்கே கேரி பர்மிட் என்ற ஒன்றே என்றைக்கும் இருந்ததில்லை. பக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரும் 2017 முதல் பர்மிட் கேட்பதில்லை. கனெக்டிகட் ஆற்றைத் தாண்டினால் போதும், மாசசூசெட்ஸ் மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் சில சமயம் மாசசூசெட்ஸ் வழியாக இழுக்கும், விடாதீர்கள். அங்கே லைசென்ஸ் இல்லாமல் ஏந்தினால் குறைந்தது 18 மாதம் சிறை.

திரும்பி வரும்போதும் இதே கட்டுதான். வெர்மான்ட்டில் இடுப்பில் வைத்திருந்ததை பென்னிங்டனிலேயே காலி செய்து பெட்டியில் பூட்டிவிடுங்கள். எல்லை தாண்டி முதல் பெட்ரோல் பங்கில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அங்கே கடையில் ஒரு கைத்துப்பாக்கி மலிவாகக் கிடைத்தாலும் கையோடு வாங்கி வர முடியாது. கடைக்காரர் அதை உங்கள் ஊர் டீலருக்கு அனுப்ப வேண்டும். பின்னணிச் சோதனை எல்லாம் இங்கே முடித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும்.